புடு சிறையில் முடிந்த உயிர்
மலாயா கணபதியின் வாழ்க்கை வரலாறு

1949-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி, புதன்கிழமை. மலாயா நாட்டின் தலைநகரமான கோலாலம்பூரில் புடு சிறைச்சாலை என்று ஒரு பெரிய சிறை இருந்தது. அதன் உயர்ந்த மதில்களுக்குள்ளே அன்று ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். மலாயாவில் தொழிலாளர் தலைவராக உயர்ந்தவர்.

அவர் யாரையாவது கொலை செய்தாரா? அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லை. கொள்ளை அடித்தாரா? அதுவும் இல்லை. அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அதுதான் குற்றம். அதற்குத்தான் தூக்கு.

கணபதியின் உயிரைக் காப்பாற்ற இந்திய சர்க்காரே முயன்றது. சுதந்தரம் அடைந்து இரண்டு வருஷம்கூட நிறையாத சர்க்கார் அது. டில்லி கேட்டது. லண்டனில் இருந்த நமது ஹை கமிஷனர் கேட்டார். கோலாலம்பூரில் இருந்த நமது பிரதிநிதி கேட்டார். ஆனாலும் கணபதி பிழைக்கவில்லை.

ஏன் பிழைக்கவில்லை? நட்பு நாடு ஒன்று அவசரகாலச் சட்டத்தை எடுத்து வீசும்போது, பக்கத்து நாட்டின் சொல் எவ்வளவு தூரம் போகும்? எங்கே போய் நின்றுவிடும்? கணபதியின் கதையைப் படித்தால் அது விளங்கும்.

சேலத்துக்கும் மலாயாவுக்கும் என்ன உறவு?

மலாயாவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நெருங்கிய சம்பந்தமே உண்டு.

இன்றைய நாமக்கல் ஜில்லா 1997-ல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் அது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. வானம் பார்த்த பூமி அதிகம் உள்ள பிரதேசம். மழை பெய்தால் சோளமும் கம்பும் விளையும். பெய்யாவிட்டால் அடுப்பு எரியாது. 1876 முதல் 1878 வரை வந்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். அந்தப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல.

அப்படிப்பட்ட ஊர்களுக்குக் கங்காணி வருவார். மலாயாத் தோட்டத்தில் வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது, கப்பல் செலவைத் தோட்டமே கொடுக்கும் என்பார். திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, சேலம் ஆகிய ஜில்லாக்களில்தான் மலாயாவுக்கு மிகுதியாக ஆள் திரட்டினார்கள். மூட்டை முடிச்சுடன் ஜனங்கள் ரயில் ஏறினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்கில் இறங்கினார்கள்.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது ரப்பர் மரம். பால் மரம் என்று தமிழர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். விடியுமுன் எழுந்து மரம் சீவ வேண்டும். வசிப்பதற்கு லயம் என்னும் நீண்ட வரிசைக் குடில்கள். யுத்தத்துக்கு முந்திய காலத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி கணக்கு. துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தமிழர் இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம்.

1938-ல் இந்திய சர்க்கார் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். 1947-ல் எடுத்த கணக்குப்படி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து ஏறக்குறைய ஆறு லட்சம் இந்தியர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

சிங்கப்பூருக்குப் போன சிறுவன்

கணபதி பிறந்த ஊர் தம்பிக்கோட்டை. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது. சிறுவனாக இருக்கும்போதே அவர் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயே படித்தார். அங்கேயே வளர்ந்தார்.

அவர் வளர்ந்த காலம் சாதாரணக் காலம் அல்ல. 1941-ல் கிள்ளான் பகுதியில் தோட்டத் தமிழர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்துங்கள், கள்ளுக்கடையை மூடுங்கள், சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதீர்கள் என்று கேட்டார்கள். பதிலாகப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த வருஷம் உலகமே தலைகீழாயிற்று. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அசைக்க முடியாதவர்கள் என்று நினைத்திருந்த துரைமார்கள் கைதிகளாக வரிசையில் நடந்தார்கள். அதைத் தோட்டத் தமிழர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் ஜப்பானியர் ஆட்சியும் சுகமாக இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் வேலை செய்ய ஆயிரமாயிரமாகத் தமிழர்களை இழுத்துச் சென்றார்கள். காட்டிலும் காலராவிலும் மடிந்தவர்கள் பல ஆயிரம் பேர்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்துக்குப் புது உயிர் கொடுத்தார். கணபதி அந்த ராணுவத்தில் சேர்ந்தார். நேற்றுவரை தலை குனிந்து மரம் சீவியவர்கள், இப்போது தலை நிமிர்ந்து அணிவகுத்தார்கள். அப்படி ஒரு முறை நிமிர்ந்த தலை மறுபடியும் எளிதில் குனியுமா?

இரண்டரை லட்சம் பேரின் தலைவர்

1945-ல் யுத்தம் முடிந்தது. பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பினார்கள். அரிசி இல்லை. துணி இல்லை. விலைவாசி ஏறிக் கிடந்தது. கூலி மட்டும் ஏறவில்லை. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் துறைமுகத்திலும் சங்கங்கள் முளைத்தன.

அந்தச் சங்கங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிய அமைப்பு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம். 1947-ல் அதன் தலைவராக வந்தவர் கணபதி. சம்மேளனத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கத்தினர்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் என்று மூன்று இனத்தாரும் இருந்தார்கள். தொழிலாளர்களில் சீனர்கள் பெருந்தொகையாக இருந்த நாட்டில், ஒரு தமிழர் அவர்கள் எல்லாருக்கும் தலைவரானது பெரிய விஷயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சம்மேளனத்தில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு அதிகம். கணபதியும் அந்தக் கொள்கையைத் தழுவியவர்தான். தொழிலாளர் அவரைத் தங்கள் தலைவர் என்று பார்த்தார்கள். தோட்ட முதலாளிகள் அவரை ஆபத்தானவர் என்று பார்த்தார்கள்.

பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஒரு கவலை இருந்தது. யுத்தத்தில் பிரிட்டனின் கஜானா காலியாகிவிட்டது. அதற்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த நாடுகளில் மலாயா முதன்மையானது. மலாயாவின் ரப்பரும் தகரமும் அமெரிக்காவுக்குப் போயின. டாலர் லண்டனுக்குப் போயிற்று. தோட்டத்தில் ஒரு நாள் வேலை நின்றால் லண்டனில் வயிறு கலங்கியது.

அவசரகாலம் பிறந்தது

1948 ஜூன் மாதத்தில் சர்க்கார் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின்படி சம்மேளனத்துக்குப் பதிவு கிடைக்கவில்லை. கணபதியின் ஸ்தாபனம் சட்ட விரோதமாயிற்று.

அதே மாதம் 16-ந் தேதி பேராக் மாகாணத்தில் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 18-ந் தேதிக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று.

நடந்தது காட்டுக்குள்ளே ஒரு யுத்தம். ஆனால் அதை யுத்தம் என்று அழைக்கவில்லை. அவசரகாலம் என்றுதான் அழைத்தார்கள். யுத்தம் என்று சொன்னால் தோட்டங்களுக்கு லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் நஷ்டஈடு தராது என்பது அதற்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு.

பெயர் எதுவானாலும் சட்டம் கடுமையாக இருந்தது. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கலாம். நாடு கடத்தலாம். எல்லோரும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. அந்த ஆயுதத்தால் யாரையும் சுட்டிருக்க வேண்டும் என்பது இல்லை. கையில் இருந்தாலே போதும்.

அந்த அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 200-க்கும் மேற்பட்டவர்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதம் இல்லாத 24 கிராமத்தாரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுபக்கத்தில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களும் தோட்டக்காரர்களை மட்டும் கொல்லவில்லை. சாதாரணத் தொழிலாளர்களையும், காட்டிக் கொடுத்தார்கள் என்று சந்தேகப்பட்டுக் கொன்றார்கள். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவே தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் நடுங்கிக் கொண்டிருந்தன.

அறுபத்து நான்கு நாள்

சம்மேளனம் கலைக்கப்பட்ட பிறகு கணபதி தலைமறைவானார். 1949 மார்ச் 1-ந் தேதி சிலாங்கூர் மாகாணத்தில் ரவாங் அருகே அவர் பிடிபட்டார். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது.

அந்தத் துப்பாக்கி தமக்குச் சொந்தமானது அல்ல, அதைக் கண்டெடுத்துப் போலீசில் ஒப்படைக்கக் கொண்டு போனேன் என்பது விசாரணையில் கணபதி சொன்ன சமாதானம். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. பிடிபட்டு இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. மரண தண்டனை. மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கும் தள்ளுபடி.

பிடிபட்ட நாளிலிருந்து தூக்கு மேடை வரை மொத்தம் 64 நாள். ஒரு வாய்க்கால் தகராறு முன்சீப் கோர்ட்டில் முதல் வாய்தா வாங்குவதற்குள், இங்கே ஒரு மனிதரின் கதையே முடிந்துவிட்டது. அவசரகாலச் சட்டத்தின் வேகம் அப்படி.

பூசாரியும் சாமியும்

தமிழ்நாடெங்கும் இந்தச் செய்தி பரவியது. டில்லிக்கும் எட்டியது. பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் சர்க்கார் கருணை காட்டும்படி கேட்க முடிவு செய்தது.

அப்போது மலாயா சுதந்தர நாடு அல்ல. ஆகையால் அங்கே நமக்கு ஸ்தானிகர் இல்லை. பிரதிநிதி என்ற பதவி மட்டும் இருந்தது. அந்தப் பதவியில் ஜான் திவி இருந்தார். மலாயாவிலேயே பிறந்தவர். அவரும் நேதாஜியின் பக்கம் நின்றவர். 1946-ல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர். நேதாஜியின் கொடியின் கீழ் நின்ற இருவரில் ஒருவர் தூக்கு மேடையை எதிர்நோக்கி இருந்தார். மற்றவர் அவருக்காகக் கருணை கேட்டு நின்றார்.

லண்டனில் ஹை கமிஷனராக இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். அவர் பிரிட்டிஷ் சர்க்காரிடம் பேசினார். வந்த பதில் என்ன? கருணை காட்டும் அதிகாரம் எங்களிடம் இல்லை, அது சிலாங்கூர் சுல்தானுக்கு உரியது என்று லண்டன் கையை விரித்தது.

சட்டப் புத்தகத்தில் அது உண்மைதான். சிலாங்கூரில் சுல்தான் பெயரால்தான் தண்டனை நிறைவேறும். ஆனால் சுல்தானுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் யார்? பிரிட்டிஷ் அதிகாரிகள். கோலாலம்பூரில் உட்கார்ந்து அவசரகாலத்தை நடத்துகிறவர் யார்? லண்டன் நியமித்த ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி. வரம் கேட்டவருக்குப் பூசாரி சாமியைக் காட்டினார். சாமியோ பூசாரியின் முகத்தைப் பார்த்தது. நடுவே மனு அலைந்தது.

அதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. 1949 ஏப்ரல் கடைசியில் காமன்வெல்த் பிரதமர்கள் லண்டனில் கூடினார்கள். நேருவும் போயிருந்தார். இந்தியா குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் இருக்கும் என்று அங்கே முடிவாயிற்று. அது நேருவின் ராஜதந்திரத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி என்று உலகம் பாராட்டியது. பிரிட்டன் இனி நமக்கு எஜமானன் அல்ல, சரிசமமான நண்பன் என்று சொல்லப்பட்டது.

அந்த நட்பின் மை உலர ஒரு வாரம்கூட ஆகவில்லை. மே 4-ந் தேதி கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள், மே 3-ந் தேதி, தொழிற்சங்க இயக்கத்தில் அவருடைய சகாவான வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இரண்டு தலைவர்களை இழந்தார்கள்.

இந்திய சர்க்கார் தன் வருத்தத்தையும் அதிருப்தியையும் தெரிவித்தது. பத்திரிகைகள் கொதித்தன. கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் காமன்வெல்த்தை விட்டு இந்தியா விலகவில்லை. மலாயாக் காடுகளில் சண்டையிட்ட பிரிட்டிஷ் கூர்க்காப் படைக்கு ஆள் சேர்ப்பதும் இந்திய மண்ணின் வழியாகத் தொடர்ந்து நடந்தது. வார்த்தை ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம் என்று பலர் குறை கூறினார்கள்.

டச்சுக்காரருக்கு வேறு பாஷை

இந்தியாவுக்கு உரத்துப் பேசத் தெரியாதா? தெரியும். அதற்கு ஐந்தே மாதங்களுக்கு முன்புதான் பேசியிருந்தது.

மலாயாவுக்குப் பக்கத்திலே இந்தோனேசியா. அங்கே டச்சுக்காரர்கள் 1948 டிசம்பரில் புதிய குடியரசின் மீது படையெடுத்தார்கள். ஜனாதிபதி சுகர்ணோவைக் கைது செய்தார்கள். இந்தோனேசியத் தலைவர்கள் சுமத்ராத் தீவில் ஓர் அவசரகால சர்க்காரை அமைத்துப் போராடினார்கள். இந்தியா என்ன செய்தது? டச்சு விமானங்களுக்கு நமது வானத்தை மூடியது. 1949 ஜனவரியில் டில்லியில் ஆசிய நாடுகளின் மகாநாட்டைக் கூட்டியது. டச்சுக்காரர் வெளியேற வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் குரல் எழுப்பியது. அந்த வருஷ முடிவில் இந்தோனேசியாவின் சுதந்தரத்தை டச்சுக்காரர் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் புதிய நாட்டுக்கு இந்தியாவின் ஸ்தானிகராகப் போனவர் நம் பிரதேசத்துக்காரர் என்பது சேலம், நாமக்கல் வாசகர்களுக்குப் பெருமை தரும். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன்தான் அவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தவர். அவர் ஜகார்த்தாவில் இருந்த காலத்தில், 1951 மார்ச்சில், இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நட்பு ஒப்பந்தம் ஏற்பட்டது.

ஒரே கடல். இரண்டு கரை. ஒரு கரைக்காக இந்தியா ஆசியாவையே திரட்டியது. இன்னொரு கரைக்கு ஒரு கருணை மனுவோடு நிறுத்திக் கொண்டது. வித்தியாசம் எதனால்?

காரணங்கள் இருந்தன. ஹாலந்து நமக்கு நண்பனும் அல்ல, நம் பணத்தைக் கையில் வைத்திருந்த நாடும் அல்ல. பிரிட்டனிடம் யுத்த காலத்து ஸ்டெர்லிங் பாக்கி நமக்கு வர வேண்டி இருந்தது. இந்தோனேசியாவில் ஒரு தேசமே எழுந்து நின்றது. மலாயாவில் ஆயுதம் எடுத்தவர்கள் ஒரு கட்சியார். அவர்களுடைய வழியை நேரு ஒப்புக்கொள்ளவில்லை. 1950 ஜூனில் அவர் அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோதும் பயங்கரச் செயல்களைக் கண்டித்தே பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு லட்சம் இந்தியர்கள் மலாயாவில் பிழைத்துக் கொண்டிருந்தார்கள். சண்டை முற்றினால் அடி அவர்கள் மேல்தான் விழும். இந்தக் கணக்கையும் தள்ளிவிட முடியாது.

நமது வீட்டிலும் அந்தச் சட்டம்

இன்னொரு காரணமும் உண்டு. அது கசப்பானது. ஆனால் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

மலாயாவில் விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தது போலவே, இந்தியாவிலும் அடைத்துக் கொண்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் அதன்படி காவலில் இருந்தார்கள். 1949 செப்டம்பரில் அந்தக் கட்சியே மாகாணத்தில் தடை செய்யப்பட்டது.

அந்தக் காவல் கைதிகளை வைத்திருந்த இடங்களில் ஒன்று சேலம் மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11-ந் தேதி அந்தச் சிறைக்குள் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மலபார்ப் பகுதியிலிருந்து கொண்டு வரப்பட்ட விவசாயிகள். நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அன்றைக்குப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. கணபதி தூக்கிலிடப்பட்டு ஒன்பது மாதம்.

புடு சிறை கடல் கடந்து இருந்தது. சேலம் சிறை நம் ஊருக்குள்ளே இருந்தது. தன் வீட்டில் அதே சட்டத்தை வைத்திருக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரனிடம் எந்த முகத்தோடு அதைக் கண்டிப்பான்? லண்டனில் இருந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. இந்தியாவின் வேண்டுகோள் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்தின் எடையை நமது சிறைகளே கொஞ்சம் குறைத்துவிட்டன.

இன்னோர் உயிர் தப்பியது

கணபதியின் மரணம் முழுவதும் வீணாகப் போயிற்றா? அப்படியும் சொல்ல முடியாது.

ஜோகூர் மாகாணத்தில் சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழர் இருந்தார். அவரும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1948 செப்டம்பரில் பிடிபட்டார். ஆயுதம் வைத்திருந்தார் என்று அவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள்.

கணபதி தூக்கிலிடப்பட்ட பிறகு சாம்பசிவத்துக்காகக் குரல்கள் ஓங்கி எழுந்தன. தமிழ்நாட்டிலும் எழுந்தன, மலாயாவிலும் எழுந்தன. அவருடைய வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் என்னும் உச்ச நீதி சபை வரைக்கும் சென்றது. 1950-ல் அந்தச் சபை தீர்ப்புச் சொன்னது. தோட்டாக்கள் வைத்திருந்ததாகச் சொன்ன குற்றத்திலிருந்து முதல் விசாரணையிலேயே அவர் விடுபட்டுவிட்டார். அப்படியிருக்க, துப்பாக்கிக் குற்றத்துக்கு நடந்த மறு விசாரணையில் அந்த விடுதலையைக் கணக்கில் எடுக்காதது தவறு என்று நீதிபதிகள் கூறினார்கள். தண்டனை ரத்தாயிற்று. சாம்பசிவம் உயிர் பிழைத்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஒரே தண்டனை. ஒருவருக்குக் காலம் கிடைத்தது. மற்றவருக்குக் கிடைக்கவில்லை. 64 நாளில் எல்லாம் முடியாமல் இருந்திருந்தால், கணபதியின் வழக்கும் லண்டன் நீதிபதிகளின் மேஜைக்குப் போயிருக்கலாம். அவசரகாலச் சட்டம் முதலில் பறிப்பது காலத்தைத்தான். கைதியிடமிருந்தும் பறிக்கும். அவருக்காகப் பேச வருகிற நாட்டிடமிருந்தும் பறிக்கும்.

பின்னர் நடந்தவை

1957 ஆகஸ்டு 31-ந் தேதி மலாயா சுதந்தரம் பெற்றது. அவசரகாலம் அதன் பிறகும் நீடித்தது. 1960 ஜூலை 31-ந் தேதிதான் முடிந்தது. 1948-ல் தொடங்கியது பன்னிரண்டு வருஷம் நடந்திருக்கிறது.

1963-ல் வியன்னா நகரத்தில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு நாட்டுப் பிரஜை வேறு நாட்டில் கைதானால், அவர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதம் இல்லாமல் தகவல் தர வேண்டும். தூதரக அதிகாரிகள் சிறைக்குச் சென்று அவரைப் பார்க்கலாம். வக்கீல் வைக்க ஏற்பாடு செய்யலாம். இந்த உரிமை உண்டு என்று கைதிக்கு உடனே சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தியாவும் மலேசியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன.

கணபதியின் காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அன்று நம் பிரதிநிதி தயவு கேட்டுத்தான் நிற்க வேண்டியிருந்தது. இன்று அதை உரிமையாகக் கேட்கலாம்.

இன்றும் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் விலாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்தால் முதல் நாளிலேயே தகவல் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு நாளும் உயிர் போல.

புடு சிறை 1996-ல் மூடப்பட்டது. 2010 முதல் அதன் மதில்களை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் உயர்ந்த கட்டடங்களும் பெரிய அங்காடியும் நிற்கின்றன. தஞ்சை ஜில்லாவில் தம்பிக்கோட்டை இருக்கிறது. மலேசியாவில் பால் மரத் தோட்டங்கள் குறைந்துவிட்டன. ஆனால் அந்தத் தோட்டத் தமிழர்களின் பேரன் பேத்திகள் அந்த நாட்டின் பிரஜைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார்கள் துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்காமல் போகத் துணிந்த காலத்தில், அவர்களுக்குத் தலைவராக நின்றவர்களில் கணபதி ஒருவர்.